அமெரிக்கக் கல்லூரியில் எங்கள் பிள்ளைக்குப் பணம் கொடுப்பது யார்?



"பிள்ளை நல்லாப் படிக்கிறாள். அமெரிக்காவில் ஸ்கொலர்ஷிப் கிடைக்குமாம். எங்கே போடலாம்?" ஆவணி, புரட்டாதி வந்தால் எங்கள் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழுந்துவிடும். அமெரிக்காவின் பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளில் கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து இன்று ஆண்டுக்கு எண்பதாயிரம் டொலருக்கு மேல். சிலவற்றில் தொண்ணூறாயிரத்தையும் தாண்டிவிட்டது. அதே கல்லூரியில், அதே வகுப்பில், ஒரு சதமும் கட்டாமல் படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளையும் இருக்கிறது. பெயர்பெற்ற கல்லூரிகளின் தரவரிசையைப் பார்த்தால் இதற்கு விளக்கம் கிடைக்காது. பணம் யாருடையது, எப்படி வந்தது என்ற பழைய கதையைப் பார்த்தால் கிடைக்கும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிரித்தானிய, சுவிஸ், நோர்வேக் கடவுச்சீட்டு எது வைத்திருந்தாலும், அமெரிக்கக் கல்லூரிக்கு எங்கள் பிள்ளை 'வெளிநாட்டு மாணவர்'தான். யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பிக்கும் மச்சானும், ஒஸ்லோவிலிருந்து விண்ணப்பிக்கும் எங்கள் மகளும் இந்த விடயத்தில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

அமெரிக்க மண்ணில் மாணவர் உதவிக்கென்று முதலில் கிடைத்த பணம் ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பணம். 1643இல் ஆன் ராட்கிளிஃப் என்ற சீமாட்டி, புதிதாகத் தொடங்கியிருந்த ஹாவார்ட் கல்லூரிக்கு நூறு பவுண் கொடுத்தார். அதன் வருமானத்தில் ஓர் ஏழை மாணவன் படிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பணத்தை வாங்கி வந்த பாதிரியாரின் மகனுக்கே முதல் பங்கு போகவிருந்தது. பையனோ வீடு புகுந்து திருடிப் பிடிபட்டு, கசையடியும் வாங்கிக் கல்லூரியை விட்டுப் போனான். புலமைப்பரிசில் வரலாறு இப்படிக் கொஞ்சம் கோணலாகத்தான் தொடங்குகிறது.

இதைவிடக் கோணலானது டார்ட்மத் கல்லூரியின் கதை. சாம்சன் ஒக்கம் என்ற பழங்குடிப் பாதிரியார் 1766 தொடக்கம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிரித்தானியாவில் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து, பழங்குடிப் பிள்ளைகளின் படிப்புக்கென்று பெருந்தொகை சேர்த்துக் கொடுத்தார். 1769இல் எழுந்த கல்லூரியில் பெரும்பாலும் படித்தவர்கள் குடியேறிய வெள்ளையரின் பிள்ளைகளே. ஒக்கம் மனம் வெறுத்துப்போனார். ஒருவரின் பெயரைச் சொல்லிச் சேர்க்கும் பணம் அவரிடமே போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதே டார்ட்மத்தில் 1811இல் பட்டம் பெற்ற ஒருவரை எங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவர் டானியல் பூவர். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியின் முதல் அதிபரானவர். அந்தச் செமினறியில் பிள்ளைகளுக்குச் சோறும் உடுப்பும் படிப்பும் இலவசம். அமெரிக்காவில் இருந்த ஒரு குடும்பமோ ஒரு சபையோ ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்பும். அதைப் பெறும் பிள்ளைக்குக் கொடையாளி விரும்பிய பெயர் வைக்கப்படும். கரோல் விசுவநாதபிள்ளை, வில்லியம் நெவின்ஸ் என்ற சிதம்பரப்பிள்ளை ஆகியோரின் பெயர்களில் ஒட்டிக்கொண்ட அந்நியப் பெயர்கள் அப்படி வந்தவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் இந்தச் செமினறியின் மாணவர்கள்தாம்.

1855இல் செமினறி மூடப்பட்டது. பிள்ளைகள் படிக்காமல் போனார்கள் என்பதல்ல காரணம். பொஸ்ரனில் இருந்த தலைமைச் சபை, ஆங்கில உயர்கல்விக்குப் பணம் செலவழிப்பது மிஷன் வேலைக்கு உதவாது, தாய்மொழியில் சுவிசேஷம் சொல்வதே போதும் என்று முடிவெடுத்தது. பணம் கொடுப்பவரின் எண்ணம் மாறியபோது, வாங்குபவரின் திறமை எதற்கும் உதவவில்லை. கல்லூரித் தெரிவைப் பற்றிய பேச்சில் வட்டுக்கோட்டைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள், இந்தச் சங்கதி ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் திரும்ப வருகிறது.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க அரசாங்கம் மாணவர் உதவியில் இறங்கியது. 1944இல் போர்வீரருக்கான சட்டம் வந்தது. சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் விட்ட மறு ஆண்டு, 1958இல், மாணவர் கடன் வந்தது. 1965இல் ஜனாதிபதி ஜோன்சன் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இன்று 'பெல் கிராண்ட்' என அழைக்கப்படும் உதவி 1972இல் வந்தது. இவை அமெரிக்கப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்குமானவை. அமெரிக்காவிலேயே அகதி அந்தஸ்துப் பெற்றவர்களும் இந்த வட்டத்துக்குள் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே நியூ யோர்க்கில் அடைக்கலம் பெற்ற அண்ணனின் பிள்ளைக்குத் திறக்கும் கதவு, ரொறன்ரோவில் இருக்கும் தம்பியின் பிள்ளைக்குத் திறக்காது. "அண்ணன்ர மகனுக்குக் குடுத்தவங்கள், எங்கட மகனுக்கு ஏன் தரயில்லை?" என்று கோபிப்பதில் பயனில்லை. அது வேறு பெட்டியிலிருந்து வந்த பணம்.

அகதியாக வந்தவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிகள் கைகொடுத்த ஒரு காலமும் இருந்தது. 1956இல் ஹங்கேரியில் சோவியத் தாங்கிகள் இறங்கியபோது ஓடிவந்த மாணவர்களில் முந்நூறுக்கு மேற்பட்டோருக்கு அந்தக் குளிர்காலத்தில் பார்ட் கல்லூரி இடம்கொடுத்து ஆங்கிலம் படிப்பித்தது. பல கல்லூரிகள் புலமைப்பரிசில் கொடுத்தன. அந்த அலையில் 1957இல் நியூ யோர்க் வந்து சேர்ந்த ஓர் இளைஞன் அங்குள்ள சிட்டி கொலிஜில் சேர்ந்தான். அன்றைக்கு அங்கே கட்டணம் இல்லை. 1960இல் பொறியியல் பட்டம் பெற்ற அவர்தான் பின்னாளில் இன்ரெல் நிறுவனத்தை நடத்திய அன்ட்ரூ குரோவ். அந்தக் கல்லூரியும் 1976இல் கட்டணம் அறவிடத் தொடங்கியது.

அகதியும் அல்லாத, அமெரிக்கரும் அல்லாத மாணவருக்கு என்ன வழி? அரசின் ஃபுல்பிரைட் திட்டம் 1946இல் தொடங்கியது. ஆனால் அது பெரும்பாலும் பட்டம் முடித்தவர்களுக்கானது. முதல் பட்டத்துக்கு வருபவர் கல்லூரியின் சொந்தப் பணத்தையோ ஒரு தனியாரின் நன்கொடையையோதான் நம்பவேண்டும். இதற்கு மிகச் சிறந்த உதாரணம் கென்யாவிலிருந்து வந்த விமானம். 1959இல் தொழிற்சங்கத் தலைவர் டொம் ம்போயா அமெரிக்கா முழுவதும் சுற்றி, கல்லூரி கல்லூரியாக இடம் கேட்டார். அந்தப் புரட்டாதியில் 81 மாணவர்கள் ஒரே விமானத்தில் நியூ யோர்க் வந்திறங்கினார்கள். மறுவருடம் கென்னடி குடும்பத்தின் அறக்கட்டளை ஒரு லட்சம் டொலர் கொடுத்தது. 1960இல் அந்த வழியால் வந்த ஒரு பெண், கன்சாஸ் மாநிலத்துச் சிறிய ஊரான அச்சிசனில், கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய கல்லூரியில் படித்தார். 2004இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற வங்காரி மாதாய் அவர்.

அச்சிசன் என்ற ஊரின் பெயரை எங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? ம்போயா, பெயர் பெரிதாக உள்ள கல்லூரியைத் தேடவில்லை. யார் இடமும் பணமும் சேர்த்துத் தருகிறார்கள் என்று தேடினார். என்னைக் கேட்டால், எங்கள் பெற்றோர் அவரிடமிருந்து எடுக்கவேண்டியது இந்த ஒன்றைத்தான்.

இனி, கணக்கு. ஒரு குடும்பம் எவ்வளவு கட்டமுடியும் என்பதை எப்படி அளப்பது? 1950களின் தொடக்கத்தில் ஹாவார்டில் இருந்த ஜோன் மன்றோ என்பவர் இதற்கு ஒரு சூத்திரம் வகுத்தார். 1954இல் கல்லூரிகள் சேர்ந்து இந்தக் கணக்கைப் பொதுவாகச் செய்ய ஓர் அமைப்பை உண்டாக்கின. இன்று எங்கள் பிள்ளைகள் நிரப்பும் 'சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல்' என்ற படிவம் அதன் வாரிசு. செலவு எண்பத்தையாயிரம் டொலர், குடும்பம் பதினையாயிரம் கட்டலாம் என்று சூத்திரம் சொன்னால், மிச்சம் எழுபதாயிரம் உங்கள் 'தேவை'. மன்றோவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் 1967இல் ஹாவார்டின் பெரிய பதவியை விட்டுவிட்டு, அலபாமாவில் மைல்ஸ் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரிக்குப் படிப்பிக்கப் போய்விட்டார். சூத்திரம் எழுதிய கையோடு அதன் மறுபக்கத்தையும் பார்க்கப்போன மனிதர்.

இந்தக் கணக்கை வைத்து இருபதுக்கு மேற்பட்ட பெரிய கல்லூரிகள் ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் கூடிப் பேசின. ஒரே பிள்ளைக்கு எல்லோரும் ஒரே தொகையைக் கேட்பது என்று ஒத்துக்கொண்டன. 1991இல் அமெரிக்க நீதித்துறை, இது வியாபாரிகள் கூடி விலை பேசுவது போன்றது என்று வழக்கு வைத்தது. ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் உடனே பணிந்தன. எம்.ஐ.டி. மட்டும் நின்று வாதாடியது. போட்டி வந்தால் பணம் வசதியான கெட்டிக்காரப் பிள்ளைகளை ஏலம் எடுக்கப் போய்விடும், ஏழைக்கு மிஞ்சாது என்பது அதன் வாதம். 1993இல் இணக்கம் ஏற்பட்டது. மாணவரின் பண நிலையைப் பாராமல் சேர்க்கும் கல்லூரிகள் மட்டும் கூடிக் கணக்குப் பேசலாம் என்று 1994இல் சட்டம் இடம்கொடுத்தது. அந்தச் சலுகை 2022 செப்டெம்பர் 30இல் காலாவதியானது. அதற்குமுன், அதே ஆண்டு ஜனவரியில், சில பல்கலைக்கழகங்கள் பணக்காரப் பிள்ளைகளுக்கு இரகசியமாக முன்னுரிமை கொடுத்தன என்று பழைய மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். பல பல்கலைக்கழகங்கள் குற்றத்தை ஏற்காமலே பணம் கொடுத்து முடித்துக்கொண்டன.

இந்தச் சண்டைகளுக்கு ஊடாகத்தான் எங்களுக்கு வேண்டிய இரண்டு சொற்றொடர்கள் வழக்கத்துக்கு வந்தன. ஒன்று, 'நீட் பிளைண்ட்'. விண்ணப்பதாரரின் தேவையைப் பாராமல் சேர்ப்பது. மற்றது, 'நீட் அவேர்'. சேர்க்கும்போதே இவருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று பார்ப்பது. கல்லூரிகள் "நாங்கள் நீட் பிளைண்ட்" என்று பெருமையாக எழுதும்போது, பெரும்பாலும் அது அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மட்டுமே. வெளிநாட்டவருக்கும் அப்படியா என்று கீழே சின்ன எழுத்தில் தேடவேண்டும்.

இதோடு மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. சேர்த்தபின் முழுத் தேவையையும் கொடுப்பார்களா? பண நிலையைப் பாராமல் சேர்த்துவிட்டு, பாதிப் பணம் மட்டும் தரும் கல்லூரிகளும் இருக்கின்றன. அமெரிக்கப் பிள்ளை என்றால் மிச்சத்துக்கு அரசுக் கடன் எடுத்துச் சமாளிக்கும். எங்கள் பிள்ளைக்கு அது இல்லை. முதலாம் ஆண்டுச் செலவு முழுவதற்கும் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் விசாவுக்கு வேண்டிய 'ஐ-20' பத்திரத்தைக் கல்லூரி தரும். அனுமதிக் கடிதம் மேசையில் இருக்க, போகமுடியாமல் நிற்பது இந்த இடத்தில்தான். வீட்டு உறுதியை வைத்து முதலாம் வருடத்தைக் காட்டிவிட்டு, இரண்டாம் வருடம் சீட்டுக்காசு தேடி ஓடுவதும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

வெளிநாட்டவருக்கும் தேவை பாராத சேர்க்கை என்ற வாக்குறுதி பெரிதாகப் பரவியது 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஹாவார்டும் எம்.ஐ.டி.யும் முன்னரே அப்படித்தான் நடந்தன. யேலும் அந்தக் காலத்தில் சேர்ந்துகொண்டது. 2001 ஜனவரியில் பிரின்ஸ்டன், உதவியில் கடனே இருக்காது, முழுவதும் நன்கொடைதான் என்று அறிவித்தபோது, வெளிநாட்டவரையும் அதே முறையில் சேர்த்தது. 2000இல் ஷெல்பி டேவிஸ் என்ற முதலீட்டாளர், ஐக்கிய உலகக் கல்லூரிகளில் படித்த பிள்ளைகளுக்காக ஒரு பெரிய உதவித் திட்டத்தைத் தொடங்கினார். 2008இல் ஆமர்ஸ்ட் வந்தது. அதே காலத்தில் டார்ட்மத்தும் வந்தது.

பிறகு உலக நிதி நெருக்கடி. வில்லியம்ஸ் கல்லூரி 2010இல், வெளிநாட்டவருக்கு இனித் தேவையையும் பார்ப்போம் என்று வாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சில வருடங்களில் டார்ட்மத்தும் அப்படியே செய்தது. 2022 ஜனவரியில், பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் நாற்பது மில்லியன் டொலர் கொடுத்தபின் டார்ட்மத் மீண்டும் கதவைத் திறந்தது. வட்டுக்கோட்டையில் நடந்தது நினைவுக்கு வருகிறதா? அதே 2022இல் போடின் கல்லூரி சேர்ந்தது. 2025இல் நுழைந்த மாணவர்களிலிருந்து பிரவுணும் நொட்டர் டேமும் சேர்ந்தன. ஆகவே நண்பர் ஒருவர் பத்து வருடத்துக்கு முன் தந்த பட்டியலை வைத்து விண்ணப்பிக்கவேண்டாம். பிள்ளை சேரப்போகும் ஆண்டைக் குறிப்பிட்டுக் கல்லூரிக்கே எழுதிக் கேளுங்கள்.

இந்தப் பெரிய பெயர்களில் நூறு பேர் விண்ணப்பித்தால் இடம் கிடைப்பது ஏறக்குறைய மூன்று, நான்கு, ஐந்து பேருக்குத்தான். "எங்கட பிள்ளை கெட்டிக்காரன், ஹாவார்டில் ஸ்கொலர்ஷிப் குடுப்பினம்" என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஐவி லீக் எதுவும் கெட்டித்தனத்துக்கென்று பணம் தருவதில்லை. அங்கே எல்லோரும் கெட்டிக்காரர். உதவி முழுவதும் தேவைக்குத்தான். கெட்டித்தனத்துக்குப் பணம் தருபவை பெரும்பாலும் அடுத்த படியில் உள்ள கல்லூரிகள். அங்கேயும் தருவது சில நேரம் விலையில் ஒரு தள்ளுபடி மட்டுமே. எண்பதாயிரத்தில் இருபதாயிரம் தள்ளுபடி என்றால், கட்டவேண்டியது இன்னும் அறுபதாயிரம். கடிதத்தில் 'புலமைப்பரிசில்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து உறவினரைக் கூப்பிட்டு விருந்து வைப்பதற்குமுன் இந்தக் கழித்தலைச் செய்துபாருங்கள்.

அதிகம் பேசப்படாத ஒரு கல்லூரியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. கென்டக்கி மாநிலத்தில் பெரீயா. 1855இல் அடிமைமுறையை எதிர்த்த ஜோன் ஃபீ என்ற பாதிரியார் தொடங்கியது. 1859இல் ஆயுதம் தாங்கிய கூட்டம் ஒன்று அவரையும் ஆசிரியர்களையும் ஊரைவிட்டே துரத்தியது. இப்படி ஒரு கூட்டம் வாசலில் வந்து நிற்பது எங்களுக்குப் புரியாத விடயம் அல்ல. போர் முடிந்தபின் திரும்பி வந்து, கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே வகுப்பில் இருத்திப் படிப்பித்தார்கள். 1904இல் அது கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டது. 1908இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை ஏற்றது. 1950இல்தான் சட்டம் தளர்ந்து கறுப்பு மாணவர்கள் திரும்பி வந்தார்கள். 1892இலிருந்து இங்கே கல்விக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு மாணவரும் கிழமைக்குப் பத்து மணித்தியாலமாவது கல்லூரியில் ஏதாவது வேலை செய்யவேண்டும். சேர்க்கப்படும் வெளிநாட்டு மாணவருக்கு முதலாம் ஆண்டில் விடுதி, சாப்பாடு உட்பட முழுவதையும் கல்லூரியே ஏற்கிறது. பிறகு கோடையில் உழைத்து ஒரு சிறு தொகை சேர்க்கச் சொல்வார்கள். வெளிநாட்டவரில் ஆண்டுக்குச் சில பத்துப் பேரையே எடுப்பார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் ஊரில் இருக்கும் மருமகனுக்கோ, தமிழ்நாட்டு முகாமில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைக்கோ யாராவது கேட்டால், நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

எங்கள் குடும்பங்களுக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. படிவத்தில் வருமானம் கேட்பார்கள். ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கும் சகோதரங்களுக்கும் அனுப்பும் காசுக்கு அங்கே கட்டம் இல்லை. வெளிநாடு வரப்பட்ட கடன், இடம்பெயர்ந்தபோது தொலைந்த பத்திரங்கள், இவை எதுவும் சூத்திரத்துக்குத் தெரியாது. விசேட நிலைமைகளை விளக்க இடம் இருக்கிறது. அதில் கூச்சப்படாமல், தொகையோடு எழுதுங்கள். உதவி அலுவலருக்குத் தனிக் கடிதமும் எழுதலாம். ஒன்று மட்டும் செய்யவேண்டாம். உதவி தேவையில்லை என்று குறித்தால் இடம் கிடைப்பது சுலபம், சேர்ந்தபின் கேட்கலாம் என்று யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள். பெரும்பாலான கல்லூரிகள், வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும்போது கேட்காத உதவியை நான்கு வருடமும் தருவதில்லை.

விசாவும் ஒரு வரலாற்றுச் சங்கதிதான். படிப்பு முடிந்ததும் திரும்பிப் போக ஒரு வீடு உண்டு என்று மாணவரே நிரூபிக்கவேண்டும் என்பது 1952ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. பிரசாவுரிமை பெற்ற பிள்ளைக்கு இது பெரிதில்லை. அகதிப் பயணப் பத்திரத்தில் இருக்கும் பிள்ளைக்கு இது கடினமான கேள்வி. முடியுமானால் பிரசாவுரிமை வேலையை முதலில் முடியுங்கள். 2025இல் மாணவர் விசா நேர்முகங்கள் சில கிழமைகள் நிறுத்தப்பட்டன. ஹாவார்ட் வெளிநாட்டவரைச் சேர்க்கும் அனுமதியையே அரசாங்கம் பறிக்கப்பார்க்க, நீதிமன்றம் தடுத்தது. ஒரே நாட்டை நம்பி எல்லா விண்ணப்பத்தையும் போடுவது புத்தியல்ல. ஜெர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. நோர்வேயிலும் அங்கு வாழும் எங்கள் பிள்ளைகளுக்கு அப்படித்தான். அங்கே இருந்துகொண்டு கடன்பட்டு அமெரிக்காவில் முழு விலை கொடுப்பது, பெயருக்குக் கொடுக்கும் விலை மட்டுமே.

பங்குனி முடிவில் கடிதங்கள் வரும். ஒவ்வொன்றிலும் மூன்று வரிகளைத் தனித்தனியாகப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கவேண்டாத பணம் எவ்வளவு, கடன் எவ்வளவு, பிள்ளை உழைக்கவேண்டியது எவ்வளவு. மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் கல்லூரி வளவுக்குள் கிழமைக்கு இருபது மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யமுடியாது என்பதால் அந்த மூன்றாவது தொகை பெரிதாக இருக்காது. விமானச் சீட்டும் மருத்துவக் காப்புறுதியும் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு கல்லூரிகளின் தொகை வேறுபட்டால், கூடத் தந்த கடிதத்தின் பிரதியை மற்றதற்கு அனுப்பி மீளாய்வு கேட்கலாம். 1991க்கு முன் கல்லூரிகள் ஒன்றுகூடிப் பேசிய காலத்தில் இதற்கு இடம் இருக்கவில்லை, இன்று இருக்கிறது. மே முதலாம் திகதிக்குள் பதில் சொல்லவேண்டும்.